அரை விரற்கடை

அறுவடைக்கு ஒன்பது நாள்.
லாரியின் வயிற்றுக்கடியில் மல்லாந்து கிடக்கிறேன்.
மேலே ஐம்பத்து மூன்றாம் வருடத்து இன்டர்நேஷனல்.
கீழே சஸ்காட்சுவான் கொட்டகையின் சிமெண்ட் தரை,
ஆகஸ்டிலும் முதுகைச் சில்லிட வைக்கிறது.

மூன்றாவது கியர் பனி உருகும்போதே போய்விட்டது.
கையை எடுத்தால் துள்ளி வெளியே வரும்.
கோடை முழுக்க முழங்காலால்
அதை அழுத்திப் பிடித்தபடியே ஓட்டினேன்.
அடிபோல்ட்டைக் கழற்றியதும்
வெடிமருந்து நாற்றத்தோடு எண்ணெய் வந்தது,
கூடவே நான்கு பற்கள்.
ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
எதற்கென்று தெரியவில்லை.

மாற்றுப் பெட்டி
பிக்கரில் ஏலத்துக்கு வந்த தீயணைப்பு வண்டியுடையது.
ஐந்து கியர். அதிகம் ஓடாதது.
அந்த ஊரில் எதுவும் பெரிதாகத் தீப்பிடித்ததில்லை.
நூற்றைம்பது கிலோ.
ஒருத்தியால் ஆகாது.

ஓரெஸ்டைக் கூப்பிட்டேன்.
பிரிந்து நான்கு வருடம்.
ஜாக்கியோடு வந்தான்,
தன் காப்பியைத் தானே பிளாஸ்கில் எடுத்து வந்தான்.

"முக்கால்."
"இந்தா."
"விளக்கு. இன்னும் இடது."
"இந்தா."
குடும்பம் நடத்திய பதினைந்து வருடத்தில்
இவ்வளவு ஒழுங்காகப் பேசிக்கொண்டதில்லை.

பழையதை இறக்கினோம்.
புது கிளட்ச் தட்டை நடுவில் நிறுத்த
துடைப்பக் கட்டையைச் சீவி
டேப் சுற்றி வைத்திருந்தேன்.
பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.
அவனிடமிருந்து அது பாராட்டு.

புதியது ஏறியது. ஷாஃப்ட் நுழைந்தது.
நுழைந்து,
அரை விரற்கடை பாக்கியிருக்கையில்
நின்றுவிட்டது.

ஆட்டினோம். தூக்கினோம். இறக்கினோம்.
உக்ரைனிய மொழியில் அவனும்
எனக்குத் தெரிந்த எல்லாவற்றிலும் நானும் திட்டினோம்.
"போல்ட்டைப் போட்டு இழுத்துவிடலாம், மர்லிஸ்."
"காது உடையும்."
"உடையாது."
"இழுத்துச் சேர்த்தால் உடையும், ஓரெஸ்ட்."

கம்ப்ரஸர் தானாக அணைந்தது.
தகரக் கூரைமேல் எதுவோ நடந்து போயிற்று.
பெட்டியின் பாரம் முழுக்க
அவன் தோளுக்கும் ஜாக்கிக்கும் நடுவே நின்றது.

நான் வால்பக்கம் ஊர்ந்தேன்.
கியரில் போட்டு
பின்தட்டைக் கையால் திருப்பினேன்,
ஒரு பல் அளவுகூட இல்லை,
அதில் பாதி.
உள்ளே எங்கோ, கண்ணுக்குத் தெரியாத இருட்டில்
வரி வரியைத் தேடிக்கொண்டிருந்தது.
"தள்ளு" என்று நான் சொல்வதற்குள்
டொக்.

சிரித்தான். பல்லெல்லாம் கிரீஸ்.
என் கை அவன் தோளில் இருந்தது.
எடுத்துக்கொண்டேன்.
போல்ட்டுகள் விரலாலேயே ஏறின.

பிறகு நடந்ததற்கு என் வலதுகைதான் பொறுப்பு.
பழைய பெட்டியில் முதல் கியர் இருந்த இடத்தில்
இதில் ரிவர்ஸ்.
தெரியும், எனக்குத் தெரியும்;
கைக்குத் தெரியவில்லை.
கிளட்ச்சை விட்டேன்.
இந்தப் பெரிய வண்டி கம்பீரமாகப் பின்னால் போய்
அவனுடைய பிக்கப்பின் ஒற்றைக் கண்ணை அணைத்தது.

கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தபடி நின்றான்.
"சொல்லணும்னு நினைத்தேன்" என்றான்.
"சொல்லியிருக்கலாம்" என்றேன்.
அது விளக்கைப் பற்றியதுதானா என்று
இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை.

போகும் முன் டேஷ்போர்டில் டேப் ஒட்டி
கியர் படத்தை வரைந்தான்.
மூன்று எட்டு மாதிரி இருக்கிறது.
கையெழுத்து திருந்தவே இல்லை.

ஒன்பதாம் நாள்,
தானியக் கிடங்குக்கு முதல் நடை.
முகப்பு விளக்குக்கு நாற்பத்திரண்டு டாலர்,
தபாலில் வந்த அவன் ரசீது வெயில் மறைப்பில் செருகியிருக்கிறது.
சரளைப் பாதை. எட்டு டன் கோதுமை.
மூன்றாவதில் போட்டுக்
கையை எடுத்தேன்.

நின்றது.

முழங்கால் மட்டும்
கிடங்கு வரை
அதன்மேல் சாய்ந்தே வந்தது.