மூக்குள்ளவை

பியர்சாலுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில்
கார் கழுவும் கொட்டகையில் இது மூன்றாவது நாள்.
வருகிற வண்டியெல்லாம்
பழுப்பு மீசை வைத்துக்கொண்டு வருகிறது.
கண்ணாடியைத் துடைத்துவிடலாம்,
ரேடியேட்டர்தான் பெரும்பாடு.
எஞ்சின் கொதித்து வழியில் நின்ற மூன்று லாரிகளை
எலிசெயோ கயிறு கட்டி இழுத்து வந்தான்.

"மோனார்க்!" என்கிறார்கள்,
இறங்கிய கையோடு, போனை வானத்துக்குத் தூக்கியபடி.
ஆரஞ்சு தெரிந்துவிட்டால் போதும்,
அவர்களுக்கு அது அரசன்தான்.
நான் மறுப்பதில்லை. டிப்ஸ் தருகிற வாயை யார் மறுப்பது?

ஆனால் இடுக்கியோடு குனிந்திருப்பவள் நான்.
லாரெடோவில் உயிரியலை
இரண்டாம் பருவத்தில் விட்டுவிட்டேன்;
அது என்னை முழுதாக விடவில்லை.

சிறகை விரித்தாலும் என் கட்டைவிரல் நீளம் வராது.
முன்சிறகின் நுனி, கத்தரித்துவிட்டதுபோல், சதுரம்.
அதன் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள்.
பிறகு அந்த மூக்கு.
மூக்கில்லை, வாயோரத்தில் நீண்ட இரண்டு மயிர்க்கூர்கள்;
ஆனாலும் வேறென்ன சொல்வது அதை.
கிளையில் உட்கார்ந்தால் அதையே காம்பாக்கி
காய்ந்த இலையாகிவிடும்.
ரேடியேட்டரில் அந்த வித்தை பலிக்கவில்லை.

ஆணுக்கு நடக்க நாலு கால்,
முன்னிரண்டும் குட்டையாகி மார்போடு மடங்கியிருக்கும்.
பெண்ணுக்கு ஆறும் கால்.
யாரும் கேட்காத கணக்கு இது. எண்ணினேன்.
நாலு. நாலு.
காலே மிஞ்சாதது, சேர்க்கவில்லை.
நாலு.

வெயில் நூறைத் தாண்டியதும் வானம் காலியாயிற்று.
குழாய்களின் அடியில், வாளியின் நிழலில்,
என் தொப்பியின் விளிம்பில் ஒண்டிக்கொண்டு
மாலைவரை அசையவில்லை ஒன்றும்.

ப்ருஸ்கியின் மாட்டுத் தீவன லாரி அப்போதுதான் வந்தது.
நாலு, நாலு, நாலு,
ஆறு.

மறுபடி எண்ணினேன். ஆறுதான்.
வயிறு தடித்திருந்தது. அசைந்தாளா, விசிறிக் காற்றா,
தெரியவில்லை.
பின்னால் இருக்கிற கிரான்ஹேனோ புதருக்குக் கொண்டுபோனேன்.
முள் மட்டும்தான் இருந்தது அதில்.
இலை முழுவதையும் போன மாதமே
இவள் இனத்துப் புழுக்கள் தின்று முடித்துவிட்டன.
ஒரு முள்ளுக்கும் இன்னொரு முள்ளுக்கும் நடுவே
வைத்துவிட்டு வந்தேன்.

"மோனார்க்தானே?" என்றார் ப்ருஸ்கி.
"இல்லை."
மூன்று நாளில் முதல் தடவையாகச் சொன்னேன்.
"பின்னே?"
என் மூக்கைத் தொட்டுக் காட்டினேன்.
தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்,
அதில் ஏதோ ஒட்டியிருப்பதுபோல்.

டிப்ஸ் டப்பாவில் ஒரு டாலர் விழுந்தது.
வழக்கமாக இரண்டு போடுகிறவர்.