கூப்பிடு தூரம்

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், லாமினேஷன், விமான டிக்கெட்.
போர்டில் பாதி தமிழ், பாதி மலையாளம்.
மழை இரண்டையும் ஒரே மாதிரி அழிக்கிறது.

நான் விமானம் ஏறினதில்லை.
ஆனால் கேளுங்கள், சொல்வேன்:
திருவனந்தபுரத்திலிருந்து மஸ்கட் மூன்றே முக்கால்,
ஷார்ஜா நாலு மணி நேரம்,
தம்மாம் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.
கிலோமீட்டர் கேட்பவர் யாருமில்லை.
கிலோதான் கேட்பார்கள்.
"முப்பதா அக்கா, இருபத்தஞ்சா?"
கருவாட்டை எடுத்துவிட்டு உப்பேரியை வைப்பார்கள்,
உப்பேரியை எடுத்துவிட்டுக் கருவாட்டை.

செவ்வாய்க்கிழமை, மீன் சந்தை கலைகிற நேரம்
ஒரு பையன் வந்தான்.
ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.
அந்தப் பக்கம் ஒரு தாளுக்கு மூணு ரூபாயாம், இங்கே ரெண்டு.
தோஹா. முதல் தடவை.
டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.
"நாலே காலுக்கு எடுத்து ஆறே காலுக்கு எறங்குது.
ரெண்டு மணிக்கூர்தானா அக்கா?"
நாலரை, என்றேன்.
அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் பின்னால் நிற்கும்.
"அப்ப ரெண்டரை மணிக்கூர் லாபம்!"
திரும்பி வரும்போது பிடித்துக்கொள்வார்கள்.
வட்டி கிடையாது, என்றேன்.
சிரித்தான்.

பாஸ்போர்ட்டில் முதல் பக்கம் எடுத்தேன்.
கடைசிப் பக்கமும் வேணும், என்றான்.
கவிழ்த்து வைத்து மூடியை அழுத்தினேன்.
பச்சை வெளிச்சம் ஒருமுறை போய் வந்தது.

தாயின் பெயர்: எமில்டா.
மேலேவிளை வீடு, பாறசாலை.

என்னைவிட இரண்டு வயது இளையவள்.
அப்பாவின் பதினொன்றரை சென்ட் யாருக்கு என்று
நெய்யாற்றின்கரை கோர்ட்டில் கேட்டோம்.
சொன்னார்கள்.
ஜெயித்தது யாரென்று இப்போது சொல்ல
நாக்கு எழவில்லை.
பாறசாலை இங்கிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம்.
பதினாலு வருஷமாகிறது,
இன்னும் போய்ச் சேரவில்லை.

கடைசியாகப் பார்த்தபோது இவனுக்கு
முன்பல் இரண்டும் கிடையாது.

"எவ்வளவு ஆச்சு அக்கா?"
பெரியம்மா, மக்கா.
இருபத்தெட்டு ரூபாய், என்றேன்.
வேண்டாமென்றால் ஏன் என்று கேட்பான்.
முப்பது தந்தான்.
சில்லறை இல்லாமல் ஒரு தேன்மிட்டாய் கொடுத்தேன்.
வாயில் போட்டுக்கொண்டே
பைக்கை எல்லைப் பக்கம் திருப்பினான்.
போகுமுன் சொல்லியிருக்கலாம்,
மூன்று மணி நேரம் முன்னாலேயே போய்விடு,
பாலராமபுரத்தில் ராத்திரியும் லாரி நிற்கும் என்று.

வியாழக்கிழமை விடிகாலை
நாலு மணிக்கு முன்பே முழிப்பு.
அந்த விமானங்கள் கடல் பக்கம் ஏறிவிடும்,
எங்கள் மாடியிலிருந்து தெரியாது.
தெரியாதென்று தெரிந்துதான் ஏறினேன்.

ரப்பர் மரங்களுக்கு அப்பால்
பாறசாலைப் பக்கம் ஒரே ஒரு மாடியில் லைட் எரிந்தது.
யார் வீடென்று
இங்கிருந்து சொல்ல முடியாது.
ஐந்து மணி வரை அணையவில்லை.