தண்ணீர்ப் போத்தல்

திங்களும் வியாழனும்
காத்திப்பில் ஏறுவான் நவிந்திரன்.
முன்வாசலில் ஏற வேண்டும், பின்வாசலில் இறங்க வேண்டும்,
ஆகவே என்னைக் கடந்துதான் போயாக வேண்டும்.
அட்டையைத் தட்டுவான். பீப்.
அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

சீருடையில் நான் பேருந்து ஓட்டுநர்.
அவன்
கையில் ஒன்றரை லிட்டர் போத்தல் வைத்திருக்கும் பயணி.
வழியெல்லாம் குடித்துக்கொண்டே வருவான்.
அங்கே போய்ச் சிறுநீர் வராவிட்டால்
வரும்வரை உட்கார்த்தி வைப்பார்களாம்.

முதலில் தீர்ந்தது அலுமினியத் தாள்.
தெங்கிரி மீன் வாட்ட, மிஞ்சிய சப்பாத்தி பொதிய
மாதத்துக்கு ஒரு சுருள் போதும் எங்களுக்கு.
அந்த வருடம் வாரத்துக்கு ஒன்று.
தன் கைதான் தாராளமாகிவிட்டது என்று
அமிர்தவல்லி நினைத்துக்கொண்டாள்.
நானோ
இரண்டு வாங்கினால் மூன்றாவது இலவசம் என்று
ஃபேர்பிரைசிலிருந்து சுமந்து வந்து
அடுக்கினேன்.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
விசாரித்த அதிகாரி கேட்கவுமில்லை.

அவன் உள்ளே இருந்த மாதங்களில்
சொந்தக்காரர்களுக்கு அவன் பெர்த்தில் படித்தான்.
காலையில் எழுந்ததும் கைபேசியில்
அந்த ஊர் வெப்பநிலையைப் பார்த்துவைப்பாள் அமிர்தவல்லி.
‘இன்னைக்குப் பதினோரு டிகிரி,
ஸ்வெட்டர் போட்டிருக்கேன்னு சொன்னான்.’
ஒருநாள் அங்கே புயல் என்று வந்தது.
அன்று அவள் சாப்பிடவில்லை.
சாங்கியில் வானம்
துடைத்துவைத்ததுபோல் இருந்தது.

போத்தலை வைத்தே இப்போது ஆளைச் சொல்லிவிடுவேன்.
பால்புட்டியும் தண்ணீர்ப் போத்தலும்
ஒரே பையில் வைத்திருக்கும் மலாய்ப் பெண்.
கப்பல் பட்டறை அடையாள அட்டையைக் கழற்றி
சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு ஏறுபவர்.
பள்ளிச் சீருடைமேல் ஜாக்கெட் மாட்டிய ஒரு சீனப் பையன்,
என் மகன் வயதுகூட இல்லை,
காய்ச்சலில் நடப்பவன்போல் நடப்பான்.
எல்லோருக்கும் ஒரே நிறுத்தம்.
மணியை யார் அடிப்பது என்று
ஒருவரையொருவர் பார்க்காமலே காத்திருப்பார்கள்.
சில நாள் யாருமே அடிப்பதில்லை.
நான் நிறுத்திவிடுவேன்.

போன வியாழன்
காத்திப்பில் அவன் இல்லை.

கதவைத் திறந்தே வைத்திருந்தேன்.
ஏறியவர்கள் ஏறிவிட்டார்கள், வெக்கை மட்டும்
இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.
நாற்பது வினாடி.
ஒரு நிமிடம்.
‘அங்கிள், போகலியா?’
கட்டுப்பாட்டு அறை என் எண்ணைச் சொல்லி அழைத்தது.
பயணி ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றேன்.
பதினாறு வருட வேலையில் முதல் பொய்,
பெர்த்தைச் சேர்க்காமல்.

மேம்பாலப் படியில் இறங்கி ஓடிவந்தான்.
அட்டையைத் தட்டினான். பீப் பீப் பீப்.
காசு போதவில்லை.
‘போ’ என்றேன். ‘உக்காரு.’
எட்டு மாதத்தில் சீருடைக்குள்ளிருந்து
வந்த இரண்டு சொல்.

அவன் தாண்டிப் போகையில் கவனித்தேன்,
போத்தல் காலி.
குடித்து முடித்ததா
நிரப்பவே இல்லையா,
காலிப் போத்தலில் அதெல்லாம் எழுதியிருக்காது.

ஆறு நிறுத்தம் இருந்தது.
மழை லேசாகப் பிடித்தது, துடைப்பானைப் போட்டேன்.
ஐந்தாவதுக்கு முன்னால் மணி அடித்தது.

அங்கே ஒரு தடுப்புச் சுவர், ஒரு மூடிய கோப்பிக்கடை,
பின்னால் அவனுக்குத் தெரிந்த புளோக்குகள்.
தலைக்கு மேல் கண்ணாடி இருக்கிறது.
பயணியைப் பார்க்கத்தான் அதை வைத்திருக்கிறார்கள்.
நான் துடைப்பானையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
இடம், வலம், இடம்.

பின்கதவு திறந்தது.
ஒரு பீப்.
யாரோ இறங்கினார்.
கதவை மூடினேன்.

அடுத்த நிறுத்தத்துக்கு
யாரும் மணி அடிக்கவில்லை.
நிறுத்தினேன்.