கால் சுற்று

பாறசாலை அஜிகுமார் மஸ்கட்டுக்குப் போகும் அவசரத்தில்
பதினோராயிரத்துக்குத் தந்த கிட்டார்.
கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே
களியக்காவிளை செக்போஸ்ட்டில் நிற்கிற மீன்லாரி ஒன்று
ஹாரன் அடிக்காமல் புகுந்து போகலாம்.
அவ்வளவு உயரம்.

அவன் அடித்துத்தான் வாசிப்பான்.
கல்யாணமோ குருசடித் திருவிழாவோ
ஒரு கம்பியாவது அறுந்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும்.
மூன்று வருஷம் நானும்
அவன் உயரத்திலேயே வாசித்தேன்.
மாற்றலாம் என்று தோன்றவே இல்லை.

ஆனியில் வந்த சிக்குன்குனியா
காய்ச்சலை மட்டும் கூட்டிக்கொண்டு போனது.
இடதுகை மோதிரவிரல் கணுவில்
வாடகை தராமல் மிச்சம் குடியிருக்கிறது.
எஃப் பிடித்தால் கண்ணில் தண்ணி.
"கீபோர்டுக்கு மாறிடு பெல்சி" என்றான் டிரம்ஸ் விஜின்.
நல்ல எண்ணத்தில்தான் சொன்னான்.
அதனால்தான் கோபம் வந்தது.

இன்று ஏழு மணிக்கு உதியன்குளங்கரையில் ரிசப்ஷன்.
மத்தியானம் இரண்டுக்கு
படந்தாலுமூட்டில், அடுக்களை மேசையில்,
பழைய துவர்த்தை விரித்து
கழுத்துக்கு அடியில் ஒரு கிலோ உளுந்துப் பை வைத்தேன்.

பிரிட்ஜில் ஆறு சேடில்.
ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால்,
கால் என்றால் எறும்பு முட்டை பருமனில் ஒரு திருகு.
அஜியின் வியர்வை அதில் துருவாக உட்கார்ந்திருக்கிறது.
தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.
மீன்காரர் வந்து, சாளை வேண்டாமா என்று கேட்டுப் போனார்.
இன்னொரு சொட்டு.
ஆலன் கீ வழுக்கியது, சவம், மறுபடி வழுக்கியது,
பிறகு 'டக்'.
நிறைந்த பஸ்ஸில் யாரோ
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்த மாதிரி.

இந்தக் காலில் கால் சுற்று, அந்தக் காலில் கால் சுற்று.
ஒன்று மட்டும் தாழ்ந்தால் சேடில் நொண்டும்.
தாழ்த்தினால் சுருதி இறங்கும்,
முறுக்கினால் கம்பி மறுபடி எழும்பும்,
பிறகும் இறக்கு, பிறகும் முறுக்கு.
ஓரக்கம்பிகள் தாழ, நடுக்கம்பிகள் சற்றே உயர,
மழைத்தண்ணி வழிய
ரோட்டுக்கு வைக்கிற முதுகு போல.

அளக்கக் கருவி இல்லை.
ஃப்ரிட்ஜ் மேல் ஸ்டான்லியின் லாட்டரி டிக்கெட் கிடந்தது.
இந்தப் பக்கம் விற்றால் கேஸ்,
இரண்டு கிலோமீட்டர் தாண்டி இஞ்சிவிளையில்
அரசாங்கமே கூவி விற்கிறது.
அதை நான்கு முறை மடித்து
பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் கம்பிக்கு அடியில் நுழைத்தேன்.
சரியாக உரசாமல் வந்தது.
ஆறாம் கம்பிக்கு மட்டும்
கூட ஒரு பஸ் டிக்கெட்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.
மூன்றாம் கம்பியை ஆசையில்
இன்னும் கால் சுற்று இறக்கினேன்.
ஏழாம் ஃப்ரெட்டில், சிரட்டைக்குள் மாட்டிய வண்டு.
ட்ர்ர்ர்.
பைய ஏற்றினேன், அதே கால் சுற்று.
வண்டு போய்விட்டது.

எஃப் பிடித்தேன்.
வலித்தது.
ஆனால் அடுப்பில் பால் பொங்குகிறதா என்று
பார்த்துக்கொண்டே பொறுக்கக்கூடிய வலி.
ஆறு கம்பியும் ஆறாகவே கேட்டன.

நாலரைக்கு ஸ்டான்லி வந்து டிக்கெட் எங்கே என்றார்.
பதினாறு கட்டமாய் மடிப்பு விழுந்த தாளை
விரித்துக் கொடுத்தேன்.
கடைசி எண்ணின் மேல் தையல் மெஷின் எண்ணெய்.
பல்புக்கு நேரே பிடித்தார்.
"எட்டா, மூணாட்டி?"
நான் பார்த்தேன். எனக்கு இரண்டுமாகத் தெரிந்தது.
வெளியே விஜினின் வேன் ஹாரன்.

பாறசாலை தாண்டும்போது போன் வந்தது.
மூணு மாதிரி இருக்கு என்றார்.
மூணுக்கு உண்டா என்றேன்.
அது இன்னும் பார்க்கல்ல என்றார்.

ஆலன் கீயைக் கைப்பையில்
சில்லறையோடு போட்டிருக்கிறேன்.
மேடை லைட்டுச் சூட்டில்
மரம் கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கும்.