கோடரிக்காரன்

புந்தா அரேனாஸில் ஜூன் மாதம்
ஐந்து மணிக்கே பகல் கடையைக் கட்டிவிடும்.
பிறகு காற்றுதான்.
தகரக் கூரையில் ஏறி, இறங்கி,
மறுபடி ஏறும்.

எலியேசர் மீன்பிடிக் கப்பலில் போனபின்
அந்தப் பழைய கணினியைத்
துணி அலமாரிக்குள் வைத்தேன்,
கம்பளிக் கையுறைகளுக்குப் பக்கத்தில்.
இரண்டு ஹார்ட் டிஸ்க்.
ஒன்று புதிது,
இன்னொன்று போன வருஷம் செத்துப் பிழைத்தது.
இதில் இருப்பதெல்லாம் அதிலும் இருக்க வேண்டும்.
ஃபெர்ரி எஞ்சினில் இரண்டு பம்பு வைத்துப் பழகியவள்,
வீட்டில் ஒன்றோடு விடுவேனா?

பெயர் வைப்பதுதான் பெரும்பாடு.
'புதியது', 'புதியது இரண்டு', 'இதுதான் சரி',
'சத்தியமாக இதுதான் சரி'...
பதினேழு வருஷத்து வீடியோக்கள்
இப்படித்தான் சிக்குப் பிடித்துக் கிடந்தன.
ஒவ்வொன்றாய்ச் சீவி
ஆண்டு போட்டு, ஊர் போட்டு,
நூற்று நாற்பதாவதில் கை ஓய்ந்து
மீதியை மென்பொருளின் தலையில் கட்டிவிட்டுத்
தூங்கப் போனேன்.

காலையில் பார்த்தால்
எல்லாவற்றுக்கும் போஸ்டர் ஒட்டி வைத்திருக்கிறது.
நாத்தனார் கல்யாணம்
நீர்மூழ்கிக் கப்பல் போர்ப்படம்.
இக்னாசியாவுக்கு முதல் பல் விழுந்த நாள்
கொரிய மொழியில், மூன்று நட்சத்திரம்.
'படகுத்துறை' என்று நான் எழுதிய நாற்பது நிமிடத்துக்கு
முகமூடி போட்ட ஒருவன்,
கையில் கோடரி,
பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

இக்னாசியா தரையில் விழுந்து சிரித்தாள்.
பஸ்தியான் ஹெட்போனைக் கழற்றவில்லை.
"இதையெல்லாம் யாரு பாக்கப் போறா?"

டிவிக்கு ஒரு கணக்கு, டேப்லெட்டுக்கு ஒன்று,
கண்ணாடி விரிந்த என் போனுக்கு ஒன்று,
அவன் கேட்காமலே அவன் போனுக்கும்.
கடவுச்சொல்: லூச்சே.
பிப்ரவரிக்குப் பிறகு அந்த நாயின் பெயரை
யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.
விரல்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை காற்று நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர்.
எங்கோ கம்பம் சாய்ந்து
தெரு முழுக்க இணையம் போயிற்று.
எங்கள் வீட்டில் மட்டும் படம் ஓடியது,
கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.
பத்து மணிக்கு எல்லாரும் அணைத்தோம்.

ஒன்றே காலுக்கு
அலமாரிக்குள் விசிறி இரைந்தது.
யாருக்கோ
படத்தைச் சின்னச் சின்னதாகப் பிசைந்து
ஊட்டிக்கொண்டிருக்கிறது கணினி.

போர்வைக்குள்ளிருந்தே பார்த்தேன்.
பஸ்தியானின் போன்.
கோடரிக்காரன்.
பதினொன்று நாற்பது. நிறுத்தம்.
பதினொன்று பத்து.
பதினொன்று நாற்பது.
மறுபடி பத்து.

எனக்குத் தெரியும் அந்த அரை நிமிடம்.
கடலிலிருந்து ஓடி வந்து
கேமராவுக்கு நேரே நின்று உடம்பை உதறும்,
லென்ஸ் முழுக்கத் தண்ணீர்.
பிறகு ஓர் ஐந்து வயதுக் குரல்:
"இன்னொரு தடவை, லூச்சே,
இன்னொரு தடவை."

காலையில் போஸ்டரை மாற்ற உட்கார்ந்தேன்.
'சரியான படத்தைத் தேர்ந்தெடுக்கவும்' என்றது திரை.
அங்கே
ரொட்டிக்கு வெண்ணெய் தடவிய கத்தி
பாதியில் நின்றது.

ரத்து.
இருந்துவிட்டுப் போகட்டும் கோடரிக்காரன்,
வாசலுக்கு ஓர் ஆள் வேண்டும்தானே.
பதினெட்டு என்றிருந்ததை மட்டும்
பதினைந்து ஆக்கினேன்.