கணக்கில் வராத பதினேழு மணித்தியாலம்

ஹீத்ரோவிலிருந்து பெர்த்துக்கு
பதினாலாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர்.
நடுவில் எங்கும் இறங்காது.
பதினேழு மணித்தியாலம்,
சில நாள் பத்து நிமிடம் குறையும்.
திரும்பி வர இன்னும் கூட.
எதிர்க்காற்றாம்.
தூரம் ஒன்றுதான்,
போவதும் வருவதும் ஒன்றல்ல.
இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஹவுன்ஸ்லோவில் என் குசினி ஜன்னலுக்கு மேலே
தொண்ணூறு வினாடிக்கு ஒன்று இறங்குகிறது,
வயிறு தெரிய, சக்கரம் விரித்து,
தேத்தண்ணிக்குள் சின்ன வட்டம் எழுப்பி.

ஒப்பந்தம் பதினொரு பக்கம்.
பள்ளிக்கூட நாள்கள் எனக்கு.
கோடை விடுமுறையில் ஐந்து கிழமை அவருக்கு.
கிறிஸ்மஸ் ஒற்றை ஆண்டில் இங்கே,
இரட்டை ஆண்டில் அங்கே.
பல் வைத்தியச் செலவு பாதிப் பாதி.
திருமதி பிரிச்சர்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
இன்னும் ஏதாவது விடுபட்டதா என்றபோது
நான்தான் கேட்டேன்:
விமானத்தில் இருக்கும் நேரம் யாருடைய கணக்கு?

எனக்கு ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் வேலை.
இரத்தம் எடுத்த நிமிடம் குழாயில் எழுதப்படாவிட்டால்
முடிவையே நம்ப மாட்டோம்.
அதனால் கேட்டேன், சண்டைக்கு அல்ல.
பொய்.
கொஞ்சம் சண்டைக்கும்தான்.

சத்தியேந்திரா திரையில்.
இங்கே பின்னேரம் இரண்டரை, அங்கே இரவு பத்தரை.
முதுகுக்குப் பின்னால் ஒரு புதிய குளிர்சாதனப் பெட்டி,
ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்காதது.
'ஏறும்வரைக்கும் உம்மட, இறங்கினாப் பிறகு என்ர'
என்றார்.
'அப்ப நடுவில?'
இரண்டு சட்டத்தரணிகளும் பேனாவை மூடினார்கள்.
மணித்தியாலத்துக்கு இருநூற்றெண்பது பவுண்ஸ் வாங்குகிறவர்கள்
அந்தப் பதினேழை
எந்தப் பந்தியில் போடுவதென்று அறியாமல்.

ஜூலையில், பன்னிரண்டாவது பிறந்தநாளன்றே
புறப்பட்டான் நிலவன்.
கழுத்தில் அட்டை.
பார்சல் ஒப்படைப்பதுபோல்
மூன்று இடத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.
கிழக்கே போகிறவனுக்கு நாள் சுருங்கும்:
லண்டனில் ஐந்து மணி அடிக்கையில்
பெர்த்தில் தேதி மாறிவிடும்.
ஆக அவனுடைய பிறந்தநாளுக்கும் அன்று
பதினேழு மணித்தியாலம்தான்.
மிச்சம் ஏழை யார் எடுத்தார் என்று
நான் யாரிடம் கேட்பது?

அன்று இரவு கைபேசியில்
ஒரு மஞ்சள் விமானம் ஊர்ந்தது.
நேர்கோட்டில் அல்ல, வில்லாக வளைந்து;
உருண்டையில் அதுதான் குறுக்குவழியாம்.
பத்தேகாலுக்கு இலங்கைக்கு மேலே.
அவரும் நானும் இரண்டு திசையில் விட்டு வந்த நாடு,
நாற்பதாயிரம் அடிக்குக் கீழே.
விளக்கணைத்த கபினில் பையன் தூங்கியிருப்பான்.
அல்லது ஏதாவது வெடிக்கிற படம் பார்த்திருப்பான்.
நான் பாத்திரம் கழுவினேன்.

ஐந்து கிழமை கழித்து, விடிய ஐந்து மணி,
கார் தரிப்பிடத்தில் டிக்கெட் இயந்திரம்
என் அட்டையை இரண்டு தரம் துப்பியது.
பெட்டியில் சாய்ந்து நின்றான், உயரம் கூடி.
'எது நல்லா இருந்தது?' என்றேன்,
கடற்கரை என்பான், அல்லது,
கடவுளே, அப்பா வீடு என்பான் என்று.

'பிளேன்' என்றான்.
'ஏன்?'
'அங்க ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்ல.
கோழியோ பாஸ்தாவோ எண்டு மட்டும்தான்.'

பாஸ்தா என்றானாம்.
இங்கே அதைத் தொடவே மாட்டான்.