அடித்த சொல்

கேள்வி பதினான்கு:
வெளியே போக உனக்கு அனுமதி இருந்ததா?
தமிழில் கேட்கிறேன்.
குழாய் வேலை என்னுடையது.
இந்தப் பக்கம் ஊற்றினால் அந்தப் பக்கம் வர வேண்டும்.
இடையில் ஒரு மிடறு நான் குடிக்கக் கூடாது.

"கதவு பூட்டல மேடம்.
லிஃப்ட் கார்டுதான் அவங்ககிட்ட இருந்துச்சு.
பதினோராவது மாடி."

ஹிதாயாவின் விரல்கள் விசைகளின் மேல் நிற்கின்றன,
பிறகு ஓடுகின்றன.
சங்கவி. பேரணாம்பட்டு. வயது இருபத்து மூன்று.
மேடையில் ரோஸி.
அந்தப் பெயரை வைத்தது யார் என்பதை
ஒன்பதாம் கேள்வியிலேயே முடித்துவிட்டோம்.

பாஸ்போர்ட்?
"அரிசி டப்பாவுல.
அரிசி அளக்கும்போது கையில தட்டும்."
ஏன் எடுக்கவில்லை?
அவள் என்னைப் பார்த்தாள், ஹிதாயாவை அல்ல.
கேட்டது நானில்லை என்று
சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை.

கடத்தல் என்ற சொல்லுக்கு அவள் தலையாட்டவில்லை.
"தங்கத்தைத்தானே மேடம் கடத்துவாங்க?
நான் டிக்கெட்ல வந்தேன்.
சன்னலோர சீட்டு. தக்காளி சாதம் குடுத்தாங்க."
அந்த டிக்கெட் கடன் என்று
வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான்
சொன்னார்களாம்.

சட்டத்தின் விளக்கத்தை ஹிதாயா நிதானமாகச் சொல்ல
நான் ஒவ்வொன்றாகத் தமிழாக்கினேன்:
ஏமாற்றி வரவழைத்தல். சுரண்டும் நோக்கம்.
"அதெல்லாம் இருந்துச்சு" என்றாள்,
வீட்டில் என்னென்ன சாமான் என்று
கேட்டதற்குச் சொல்வது போல.

நான்கு மணி நேரம். இரண்டு கோப்பை மைலோ.
எழுதியதை அச்செடுத்து
அவள் மொழியிலேயே வாசித்துக் காட்டுவது விதி.
ஏழாம் பக்கம்:
"மாதக் கடைசியில் எனக்கு ஐம்பது சாயங்காலம் பாக்கி.
அதைக் கழிக்க, முதலாளி காட்டிய ஆளோடு
போகச் சொன்னார்."

"சாயங்காலமா?" என்றாள் சங்கவி.

"மாலை மேடம். கழுத்துல போடுறது.
பிளாஸ்டிக் பூ. ஆடும்போது வாங்கிப் போடுவாங்க.
ஒண்ணு ஐம்பது வெள்ளி.
மாசம் முந்நூறு மாலை விழணும்.
விழலன்னா பாக்கி."

பதினெட்டு வருடம் நீதிமன்றங்களில் நின்றவள் நான்.
தேக்காவில் பூக்கடைக்கு எதிர் புளோக்கில் வளர்ந்தவள்.
காது சுட்டது.

அவளோ சிரித்தாள்.
முன்பற்களுக்கு நடுவே சின்ன இடைவெளி,
காலையிலிருந்து அதை நான் பார்த்திருக்கவில்லை.
"பரவால்ல மேடம்.
சாயங்காலமும் பாக்கிதான்."

இதையும் ஊற்ற வேண்டுமா?
ஹிதாயா காத்திருந்தாள்.
சொன்னேன்.
அவள் தட்டச்சு செய்யவில்லை.
திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.
பிறகு பேனாவைத் திறந்து என்னிடம் நீட்டினாள்.

சாயங்காலத்தின் மேல் ஒரு கோடு.
பக்கத்தில் பூமாலை.
ஓரத்தில் மூவரும் கையெழுத்து வைத்தோம்.

ஐந்து மாதம் கழித்துப் பார்க்கிறேன்.
காப்பகத்தில் இருக்கிறாள், இடம் எனக்குச் சொல்லப்படவில்லை.
மாதாமாதம் ஸ்பெஷல் பாஸில் முத்திரை.
வழக்கு முடியும்வரை வேலைக்குப் போகலாம் என்று கடிதம்.
சலவைக்கூடத்தில் ஹோட்டல் விரிப்புகளை மடிக்கிறாள்.
செவ்வாய்க்கிழமை ஆலோசகர்;
அங்கே குழாயாக இருப்பது வேறொருத்தி.

"பொங்கலுக்கு அனுப்புவாங்களா?"
விசாரணை பிப்ரவரியில். நீதான் முதல் சாட்சி.
காப்பாற்றியவர்களுக்கு அவள் இன்னும் தேவைப்படுகிறாள்.
இந்தக் கடைசி வரியை யாரும் சொல்லவில்லை,
ஆகவே நானும் மொழிபெயர்க்கவில்லை.

எழுந்து போகும்போது கேட்டாள்:
"அந்தப் பேப்பர்ல நீங்க தப்பா எழுதுனது போயிடுச்சா?"

இல்லை. அடிக்கலாம், அழிக்கக் கூடாது.
கோட்டுக்கு அடியில் படிக்கத் தெரிய வேண்டும்.
அப்படித்தான் சட்டம்.

"ஜட்ஜும் படிப்பாரா?"

படிக்கலாம்.

துப்பட்டாவை விரிப்பு மடிப்பது போல
ஓரத்துக்கு ஓரம் சேர்த்து
தோளில் போட்டுக்கொண்டாள்.
"அப்ப அதுவும் இருக்கட்டும் மேடம்."